ஒரே ஒரு பிளக் பாயின்ட்

நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். "அந்த மனுசன் மேல உனக்கென்ன அத்தனை ஆங்காரம்? ஒரு நாளாவது உன்னைச் சுடுசொல் சொல்லியிருப்பாரா?" என்று கேட்கிறார். இல்லை, சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்றால் அவருக்குப் புரிவதில்லை. யாருக்குமே புரிவதில்லை. வாயால் சொன்னால் சண்டைக்காரி என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

சூலூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் மின்சார வண்டிகளுக்கு சார்ஜ் போடுகிற நிலையம் ஒன்று இருக்கிறது. கூரை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் புல்தரை, ஓரத்தில் காபிக் கடை, நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வட்டமாக ஒரு மேடை. அதைக் கட்டிய காலத்தில் அங்கே சைட் இன்ஜினியராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். வெயிலில் நின்று நின்று கழுத்து மட்டும் கருத்துப்போயிருக்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும்.

யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். நான் முதல் தடவை போனபோது அங்கே ஒரு தகரக் கொட்டகையும் நாலைந்து குழிகளும்தான் இருந்தன. ரோட்டோரத்தில் மட்டும் 'விரைவில்' என்று ஆள் உயரத்துக்கு போர்டு. நான் மின்சார லோடு ஆட்டோ வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொட்டகை வாசலில் நின்று "ஏனுங்க சார்" என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தார். இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அம்மணி. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த ரோட்டின் இரண்டு பக்கத் தோட்டங்களிலும் என் அப்பா வேலை செய்திருக்கிறார். அம்மா வெங்காயம் பிடுங்கியிருக்கிறாள். தோட்டக்காரர் வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பொடிசுகூட அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். என்ன அவசரமாகப் போனாலும் களத்து ஓரத்தில்தான் நின்று பேச வேண்டும். இந்த இன்ஜினியரும் அந்தத் தோட்டக்காரர்கள் வழி வந்தவர்தான். அவருடைய சொந்தபந்தமெல்லாம் அதே ஊர்தான். அப்படிப்பட்டவர் துடைத்துப் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். இத்தனை மரியாதை தெரிந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். என் தப்பு அங்கே ஆரம்பித்தது.

என் தேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில். அங்கிருந்து நூல் சுற்றிய கோன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பல்லடம் தாண்டி உள்ளடங்கிய ஊர்களில் இருக்கும் தறிக் குடோன்களில் இறக்க வேண்டும். மில்லில் டெஸ்பாட்ச் மேனேஜர் ஒருவர் இருந்தார், கோயமுத்தூர்க்காரர். அவர்தான் என்னை மின்சார வண்டி வாங்கச் சொன்னவர். வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவர்கள் புகை விடாத வண்டியில் நூல் வர வேண்டும் என்று கேட்கிறார்களாம். "கரன்ட் வண்டி எடுத்துட்டு வாம்மா. தெனம் ரெண்டு நடை உனக்கு" என்றார். வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டால் ஒரு நடை போய்த் திரும்பலாம். இரண்டாவது நடைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் எங்கேயாவது மின்சாரம் வேண்டும். மில்லுக்குள் போட விட மாட்டார்கள், பஞ்சு இருக்கிற இடம், தீப்பிடிக்கும் என்று பயம். தறிக்காரர்களைக் கேட்டால், தறிக்குச் சலுகையில் வாங்கின கரன்ட்டை வண்டிக்குப் போட்டால் கேஸ் ஆகிவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மிச்சம் இருந்தது வழியில் வரப்போகிற இந்த நிலையம் ஒன்றுதான். அது வரும்வரை இரண்டாவது நடையை ஒரு டீசல் டெம்போவுக்குத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டு எனக்காக வைத்திருப்பதாக மேனேஜர் சொன்னார்.

அதனால் முதல் நாளே தெளிவாகக் கேட்டேன். "கார்களுக்கு நீங்க பெரிய மிஷின் வெப்பீங்க. அந்த வயர் என்ற வண்டிக்குச் சேராதுங்க. ஊட்டுல ஹீட்டர் போடறமே, அந்த மாதிரி பதினஞ்சு ஆம்ஸ் பிளக் பாயின்ட் ஒண்ணு இருந்தாப் போதும். இருக்குமுங்களா?"

அவர் எழுந்து வந்து என் வண்டியின் பக்கத்தில் ஜல்லிக்கல் மேல் முட்டி போட்டு உட்கார்ந்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்து சார்ஜர் இருக்கும் இடத்தைப் பார்த்தார். வயரைத் தொட்டுப் பார்த்தார். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "இல்லாமங்களா? போட்டுக்கலாமுங்க அம்மணி" என்றார்.

எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். "சித்திரை நோம்பிக்குள்ள ஆயிருமுங்க" என்றார். நான் நேராக மில்லுக்குப் போய் மேனேஜரிடம், சித்திரைக்குள் ஆகிவிடும் சார் என்று சொன்னேன்.

சித்திரை போனது. வைகாசியில் மிஷின்களை நிறுத்தும் திட்டு போட்டார்கள். மிஷின் வந்து இறங்கியபோது அடியில் இருந்த போல்ட் ஓட்டை ஒரு பக்கம், திட்டில் நட்ட போல்ட் இன்னொரு பக்கம். ஆறு திட்டையும் உடைத்தார்கள். நான் போனபோது அவர் உடைத்த கான்கிரீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க அம்மணி, டீ குடிக்கலாமுங்க." எப்ப சார் ஆகும் என்றேன். "அடுத்த மாசம் இன்னேரம் நீங்க இங்க சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க." உடனே மில்லுக்குப் போனேன். அடுத்த மாசம் சார் என்றேன்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வராது. கோபத்தோடுதான் போவேன், வண்டியை விட்டு இறங்கும்போதே கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு போவேன். அவர் "பிள்ளைக எப்படீங்க இருக்குது? பெரியவளுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே" என்று கேட்பார். அவளுக்குக் காய்ச்சல் வந்தது எனக்கே மறந்துபோயிருக்கும். அவர் நினைவு வைத்திருப்பார். அப்புறம் எங்கே சண்டை போடுவது? வண்டியைத் திருப்பிக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான் கேட்டதற்கு அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை என்பது உறைக்கும். ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே வருவேன்.

ஒருநாள் டிராயிங்கைக் காட்டுங்கள் என்றேன். எங்கேயோ வடநாட்டில் இருக்கும் தலைமை ஆபீசில் போட்ட டிராயிங். கலர் கலராக இருந்தது. ஆறு கார்கள் நின்றன. புல்தரையில் ஒரு பொண்ணு நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காபிக் கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். லோடு ஆட்டோ இல்லை, டெம்போ இல்லை, ஒரு மூட்டைகூட இல்லை. பல்லடம் ரோட்டில் நாள் முழுக்க நின்று பாருங்கள், நூல் மூட்டையும் கோழிக் கூண்டும் ஏற்றிய வண்டிகள்தான் வரிசையாகப் போகும். நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பொண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை.

"இதுல என்ற வண்டி எங்கீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நொடி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த பென்சிலை எடுத்து, கழிவறைச் சுவர் ஓரமாக ஒரு சின்னக் கட்டம் போட்டார். கட்டத்துக்குள் மூன்று வட்டம், மூன்று சக்கரம். "இங்க வருதுங்க அம்மணி" என்றார்.

நான் சந்தோஷத்தில் அதைப் போட்டோ எடுத்தேன். மேனேஜரிடம் காட்டினேன். வீட்டில் காட்டினேன். பென்சிலில் என் கண் முன்னாலேயே போட்டார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பதினோராவது வரை படித்தவள் நான். கிறுக்கச்சி மாதிரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனியும் ஆடியும் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா வராது. கொடியில் போட்ட துணியைக் கல்லை வைத்துத்தான் கட்ட வேண்டும். பல்லடத்தைத் தாண்டினால் காற்றாலை வரிசையாக நிற்பது வேடிக்கைக்கா? அந்தக் காற்றுக்கு நேராக வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி ஒரு கூரை. வெல்டிங் வேலைக்கு வந்தவர்கள் சொன்னார்கள், நிற்காது என்று. ரோட்டில் போன நான்கூடச் சொன்னேன். அவர் இந்த மண்ணில் பிறந்தவர், அவருக்கா தெரியாது? "தெரியுமுங்க அம்மணி. மேல இருக்கறவங்க ஆசையாப் போட்ட டிசைனுங்க. வேண்டாம்னு சொன்னா மனசு நோவாதுங்களா?" என்றார்.

ஆடி பத்தாம் தேதிக்குள் கூரையின் மேற்குப் பக்கத் தகடுகள் பிய்ந்து ரோட்டில் விழுந்தன. எனக்கு முன்னால் போன டவுன் பஸ் பிரேக் அடித்து நின்றது. பஸ்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்திருக்கும். கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார். இவர் ஓடி வந்து கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்துபோன ஒரு அம்மாவுக்கு சோடா வாங்கிக் கொடுத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, பஸ்ஸை வழியனுப்பி வைத்தார். போகும்போது கண்டக்டர் இவரிடம் "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தகடு தலையில் விழுந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. கூரையை முழுக்க இறக்கி மறுபடி ஏற்ற ஐப்பசி ஆகிவிட்டது. மனசு நோகாமல் பார்த்துக்கொண்டதற்கு இத்தனை மாதம்.

அதே மனிதர்தான் ஒருநாள் எனக்குக் கை கொடுத்தார், அதையும் மறைக்கக் கூடாது. மில்லில் அவசரம் என்று குடோன் ஒன்று கூடுதலாகச் சுற்றியதில், திரும்பும் வழியில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி வண்டி படுத்துவிட்டது. போன் பண்ணினேன். நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்து, தானும் சேர்ந்து தள்ளி, வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். கட்டட வேலைக்காக வாங்கியிருந்த தற்காலிக மின்சாரத்தில் ஒரு வயரை இழுத்து சார்ஜ் போட்டார். தன் டிபன் பாக்ஸில் இருந்த அரிசிப்பருப்புச் சோற்றைப் பாதி பிரித்து மூடியில் வைத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். வண்டி நன்றாக சார்ஜ் ஏறியது.

பாருங்கள், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு கம்பத்தில் அறைந்த ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதை அன்றைக்கு அவரே தன் கையால் செய்து காட்டினார். இதைவிடச் சின்னதாக இந்த உலகத்தில் யாராவது எதையாவது கேட்டிருப்பார்களா?

இதற்கிடையில் மில்லில் என் பேர் கெட்டுக்கொண்டே வந்தது. மேனேஜர் கறார் ஆள். நாற்காலி எல்லாம் போட மாட்டார். லோடு ஏறும் இடத்தில் நின்றபடியே, "ஏம்மா, சித்திரைன்னே. அடுத்த மாசம்னே. ஆடி கழிச்சுன்னே. உன்ற பேச்சை நம்பி நான் எத்தனை நாள் இந்த டெம்போக்காரனை இன்னைக்கு வா நாளைக்கு வராதேன்னு இழுக்கறது?" என்பார். நான் பென்சில் போட்டோவைக் காட்டுவேன். இன்ஜினியரே சொன்னார் சார் என்பேன். ஒவ்வொரு தடவையும் இன்ஜினியர் வாயிலிருந்து வந்ததை நான் இரண்டு மடங்கு உறுதியாக மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் மேனேஜர் கடைசியாகச் சொன்னார். "நிலையம் தொறக்கற அன்னைக்கு ரெண்டாவது நடை ஓடணும். ஓடலைன்னா சொல்லிப்போடு, நான் டெம்போவையே நிரந்தரமா வெச்சுக்கறேன்."

அந்த இன்ஜினியர் இப்போது வெள்ளகோவில் பக்கம் வேறொரு நிலையத்தைக் கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதுவும் இழுத்துக்கொண்டே போகிறதாம். அந்த ஊர்க்காரர்களும் தங்கமான மனுசன் என்கிறார்களாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் யாரிடமும் எதையும் வாங்கித் தின்றவர் இல்லை, வேலைக்கு மட்டம் போட்டவர் இல்லை, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை வைது மனதை ஆற்றிக்கொள்ளலாம். இந்த மனிதரை எதைச் சொல்லி வைவது? அது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் போன் வந்தது. "நாளைக்குத் தொறப்புங்க அம்மணி. கட்டாயம் வந்துருங்க. நீங்கதான் எங்களுக்கு மொத மொத வந்த ஆளு." பிளக் பாயின்ட் தயாரா சார் என்றேன். "வாங்க அம்மணி, எல்லாம் ஆயிருமுங்க" என்றார். நான் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கே இரண்டாவது நடை ஓட்டுகிறேன் என்று. அவர் டெம்போவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காலையில் முதல் நடை முடித்தேன். மில்லுக்குத் திரும்பிப் பத்து மூட்டை ஏற்றினேன். நிலையம் வரை வருவதற்குத்தான் பேட்டரியில் இருந்தது. அந்தத் தைரியத்தில் கிளம்பினேன். வண்டிக்கு சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டியிருந்தேன்.

வாசலில் வாழை மரம், உள்ளே நாதஸ்வரம், ஊர்ப் பெரிய மனிதர்கள், தலைமை ஆபீசிலிருந்து கோட்டு போட்டவர்கள். ஆறு மிஷின் முன்னாலும் ஆறு கார். பச்சை வலையைக் கட்டி மறைத்த இடத்தில் டீசல் ஜெனரேட்டர் ஒன்று தடதடத்துக்கொண்டிருந்தது. நிலையத்துக்கு வர வேண்டிய டிரான்ஸ்பார்மர் இணைப்பு இன்னும் வரவில்லையாம். கோட்டுக்காரர்கள் தேதி குறித்துவிட்டார்களாம். இவர் அதற்கும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். டீசலை எரித்து மின்சார வண்டிக்கு சார்ஜ் போட்டு, அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

காவலுக்கு நின்றவர், ஆட்டோ உள்ளே வரக் கூடாது என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. கழிவறைச் சுவருக்குப் போனேன். பென்சில் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. சுவரைச் சுற்றி வந்தேன். எங்கேயும் இல்லை. கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் புது வெள்ளைச் சட்டையில் ஓடி வந்தார். "அடடே, வாங்க அம்மணி. மொதல்ல ஸ்வீட் எடுத்துக்குங்க."

"பிளக் பாயின்ட் எங்கீங்க சார்?"

"போட்டுக்கலாமுங்க. இன்னைக்குக் கூட்டம் போகட்டும்."

"டிராயிங்ல இருக்குதுங்களா?"

அவர் பின்னால் திரும்பிக் கோட்டுக்காரர்களைப் பார்த்தார்.

"சார், என்னைப் பாருங்க. மொத நாள் நான் வந்து கேட்டனே, அன்னைக்கு டிராயிங்ல இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"இல்லைன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாமங்களா அம்மணி. தெரியுமுங்க."

"மேல ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஒரு பிளக் பாயின்ட் எச்சா வேணும்னு?"

"கேக்கலீங்க. இத்தனை பெரிய டிசைன் போட்டவங்ககிட்ட இதைப் போய் எப்படீங்க கேக்கறது? கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

"அப்பறம் ஏனுங்க என்றகிட்ட ஆவும், ஆவும்னீங்க?"

அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. "வெயில்ல வந்து உக்காந்து எத்தனை ஆசையாக் கேட்டீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படீங்க இல்லைன்னு சொல்றது?"

அதற்குமேல் நான் என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. ஒரு வருஷமாக ரோட்டைப் பார்த்துக் கத்தியதை எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினேன். நாதஸ்வரம் நின்றுபோனது. "நீ பெரிய மனுசன்னு நெனச்சேன்யா" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அந்த 'யா'வைக் கேட்டதும் கூட்டம் என் பக்கம் திரும்பியது. என் ஆட்டோவையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். "யார்றா இது? அவுங்க அத்தனை மரியாதையாப் பேசறாங்க, இது என்ன வாய் இந்த வாய் பேசுது" என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் என் ஊர்ப் பெயரைச் சொல்லி, எந்தத் தெரு என்றும் சொன்னார். ஒருத்தராவது என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

இவர்தான் குறுக்கே வந்தார். "விடுங்க, விடுங்க. அவங்க மேல தப்பில்லீங்க. தங்கமான புள்ளைங்க" என்று எல்லோரையும் சமாதானப்படுத்தினார். பிறகு ரோட்டுக்கு ஓடி ஒரு டீசல் டெம்போவைக் கை காட்டி நிறுத்தினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, என் வண்டியில் இருந்த நூல் மூட்டையை அதற்கு மாற்றத் தன் தோளில் ஏற்றினார். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. வேண்டாம் சார் என்றேன், கேட்கவில்லை. ஒல்லி உடம்பு ஆடியது. இரண்டாவது மூட்டைக்கு மூச்சு வாங்கியது. கோட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் யாரோ, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அத்தனை கனத்தைத் தூக்க முடிகிறவருக்கு ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லையே என்று ஆத்திரத்தில் வந்த அழுகை.

அவர் மூன்றாவது மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும்போது என் போன் அடித்தது. மில் மேனேஜர். லோடு எங்கே, தறி நிற்கப் போகிறது என்றார்.

எப்போதும் போல நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. வந்துகிட்டே இருக்கேன் சார், அடுத்த வாரத்துல இருந்து சரியாயிரும் சார். ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தைகள். அதை விழுங்கினேன்.

"முடியாதுங்க சார். இங்க பிளக் பாயின்ட் இல்லை, வரவும் வராது. ரெண்டாவது நடை என்னால ஆகாது. டெம்போக்காரரையே வெச்சுக்குங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். "இதைச் சித்திரையிலயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "நான் பாட்டுக்கு வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன். உன்னையும் ஒரு நடைக்கு நிம்மதியா வெச்சிருந்திருப்பேன். இனிமே உன்ற சொல்லை நம்பி எப்படி லோடு தர்றது? நாளையில இருந்து ஒரு நடையும் வேண்டாம்." வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டையின் கனத்தில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. புதுச் சட்டை முழுக்க நூல் தூசு. என்னைப் பார்த்து, நிஜமான வருத்தத்தோடு, மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, இப்படி வெடுக்குனு முடியாதுன்னு சொல்லிப்போட்டீங்களே. பாவம், அவரு மனசு என்ன பாடுபடுமுங்க?"